இருண்ட திரையும் கேட்கும் செவியும்

கொழும்பிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை ஆகியவற்றைக் கடந்து இரத்மலானையை அடைவர். விமான நிலையமும் புகையிரத வேலைத்தளமும் கொழும்பு இந்துக் கல்லூரியும் அவ்வூரை எமக்கு நினைவூட்டுவன. ஆயின், அங்குள்ள மற்றொரு நிறுவனத்தை நாம் அதிகம் எண்ணுவதில்லை. மேரி சப்மன் என்னும் ஆங்கில மிஷனரிப் பெண்மணி 1912இல் தொடக்கிய, செவிப்புலன் விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலையே அது. இத்துறையில் இலங்கையின் முதற் பாடசாலை அதுவேயாகும். தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளைகளுக்காகக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை பிற்காலத்தில் எழுந்தது.

கணினியின் திரை இருண்டுவிட்டால் நாம் செய்வதறியாது திகைக்கிறோம். விழிப்புலனற்ற மாணவருக்கோ திரை எந்நாளும் இருண்டதே. அவ்வாறாயின், திரையின்றிக் கணினியை அறிவது எங்ஙனம்? இவ்வினாவின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினி வரலாற்றில் செவிக்கு மிகப் பழைய இடமுண்டு. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினி தன் விடைகளைக் காகிதத்தில் அச்சிட்டுத் தந்தது. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவில் முதன்முதலாக இயங்கிய சிசிராக் கணினியில் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருந்தது. நிரல் எக்கட்டத்தை எட்டியது, எப்போது முடிந்தது என்பவற்றை இயக்குவோர் அதன் ஒலியைக் கேட்டே உணர்ந்தனர். நாடி பிடித்து நோயறியும் வைத்தியரின் முறைக்கு இதனை ஒப்பிடலாம்.

1981 ஆகஸ்ட் 12இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. மின்னூட்டியதும் அது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். திரைக்குரிய பகுதியே பழுதுற்றால் அதனைத் திரையில் அறிவித்தல் இயலாதன்றோ? எனவே அறிவிக்கும் பணி சிறியதோர் ஒலிபெருக்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு குறுகிய ஒலி எழுந்தால் சோதனை நிறைவேறிற்று எனப் பொருள். அதன் பின்னும் திரை இருண்டிருப்பின், திரைக்குச் செல்லும் வடத்தையும் திரையின் மின்னிணைப்பையும் நோக்க வேண்டும். ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் எழுந்தால் காட்சி அட்டையில் பழுது. ஒலியே எழாவிடின் மின்வழங்கியையோ தாய்ப்பலகையையோ ஐயுறல் வேண்டும். இருண்ட திரைக்கு முன்னே கண்ணுடையோரும் செவியையே நம்ப நேர்ந்தது.

விழிப்புலனற்றோரின் கல்வி இதற்கு முன்னரே தனிவழி கண்டிருந்தது. லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட புள்ளியெழுத்து விரலாற் படிக்கப்படுவது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வகுக்கப்பட்டபோது தமிழும் அதில் இடம்பெற்றது. கணினித் திரையிலுள்ளதை வாசித்துக் கூறும் மென்பொருள்கள் அடுத்து வந்தன. விபத்தொன்றிற் பார்வையிழந்த டெட் ஹென்டரின் ஜோஸ் 1989இல் வெளிவந்தது. பார்வையற்றவரான மைக்கல் கரன் 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைப்பது, தமிழையும் வாசிக்க வல்லது.

எனினும் குறைகள் இல்லாமலில்லை. இம்மென்பொருள்கள் இயங்குதளம் எழுந்த பின்னரே பேசுவன. அதற்கு முன் நேரும் பழுதைத் திரை எழுத்தில் அறிவித்தாலும், விழிப்புலனற்றவருக்கு அது வெறுமையே. முன்னர் ஒலியால் உணர்த்தப்பட்ட பழுதைப் புதிய தாய்ப்பலகைகள் பல சிறு விளக்குகளால் உணர்த்துகின்றன. கண்ணுடையோருக்கு வசதியான இம்மாற்றம் மற்றையோருக்கு இழப்பாயிற்று.

தமிழருக்கு இன்னுமொரு குறை உண்டு. இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பக்கம் நம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். உள்ளே இருப்பனவோ ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்னும் சொல்லை வாசிக்கும் மென்பொருள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளையே அங்கு காணும். அன்னை என்னும் பொருள் அங்கே மறைந்துவிடுகிறது. ஒருங்குறியிலோ ஒவ்வொரு தமிழெழுத்தும் தமிழெழுத்தாகவே பதிவாகிறது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், பாமினியில் அமைந்த பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் நம்மிடையே புழங்கி வந்துள்ளன.

இருண்ட திரைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வடத்தைச் செருகினாற் சில ஒளிபெறும். அட்டையை மாற்றினாற் சில ஒளிபெறும். நாம் எழுதும் முறையால் இருளுவனவும் உள. அவற்றைத் திருத்தப் பொறியியலறிவு வேண்டியதில்லை. கலைப்பீட மாணவராகிய நாம் நமது குறிப்புகளையும், சங்கங்களின் ஆண்டு மலர்களையும் ஒருங்குறியில் எழுதி வைத்தலே போதும். அவ்வாறு செய்யின், இரத்மலானையிலோ கைதடியிலோ பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவர் ஒருவர் பிறர் உதவியை நாடாது அவற்றைத் தாமே கேட்டறிவார்.