பன்னாட்டு அரசியல் பொருளாதாரம் (முதுநிலைப் படிப்பு)

அரசுகளின் அதிகாரத்துக்கும் உலகச் சந்தைக்கும் இடையிலான உறவை ஆராயும் சமூக அறிவியல் துறையின் பட்டமேற்படிப்பு. பொதுவாகப் பன்னாட்டு உறவுகள் துறையின் கிளையாக வகைப்படுத்தப்படுகிறது.

பாடத்திட்டம்: வணிகம், நாணயம், நிதி, கடன், வளர்ச்சி, பன்னாட்டு நிறுவனங்கள் ஆகியவை முதன்மைப் பாடங்கள். வணிகவாதம், தாராளவாதம், மார்க்சியம் ஆகிய மூன்றும் மரபான கோட்பாடுகள். பிரிட்டனில் முழுநேரப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஈராண்டு. இறுதியில் ஆய்வேடு அளிப்பது வழக்கம்.

வரலாறு: பொருளியலும் பன்னாட்டு உறவுகளும் ஒன்றையொன்று புறக்கணிப்பதை பிரிட்டிஷ் அறிஞர் சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1970இல் ஒரு கட்டுரையில் சுட்டினார். டாலரைத் தங்கமாக மாற்றித்தரும் ஏற்பாட்டை 1971இல் அமெரிக்கா நிறுத்தியதும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் துறையின் வளர்ச்சியைத் தூண்டின. அமெரிக்காவில் ராபர்ட் கியோஹேன், ஜோசப் நை (1977), ராபர்ட் கில்பின் (1987) ஆகியோரின் நூல்கள் அடிப்படை வாசிப்பாயின. பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு ஆகிய நான்கையும் அதிகாரக் கட்டமைப்புகளாக ஸ்ட்ரேஞ்ச் 1988இல் வகுத்தார்.

ஆய்வுமுறை: அமெரிக்க மரபு புள்ளியியல் சோதனைக்கும், பிரிட்டிஷ் மரபு வரலாற்று விளக்கத்துக்கும் முதன்மை தருகின்றன.

பயன்: வணிகப் பேச்சுவார்த்தை, மைய வங்கி, பன்னாட்டு அமைப்பு, இதழியல், ஆய்வு ஆகிய பணிகளுக்கு இப்படிப்பு அடித்தளமாகிறது.