ஒரு ஜோடி மட்கார்டு

ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற கடற்கரைப் பக்கம் எப்போதாவது நடந்திருக்கிறீர்களா? நெயில் பாலிஷையும் பெயின்ட்டையும் ஒன்றாகக் கலந்த மாதிரி ஒரு நெடி மூக்கைத் துளைக்கும். ஒரு பக்கெட்டில் தேன் பதத்தில் ரெசின். பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கண்ணாடி இழை விரிப்பு. ஒருவர் பிரஷ்ஷை முக்கி முக்கி, அந்த விரிப்பைப் படகின் ஓட்டையில் ஒட்டிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் அது கல்லாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளில் இந்தப் படகுகள் பெருகியபோது, அந்த நெடியும் மீனவர் குப்பங்களுக்குப் பழகிப்போயிற்று.

அந்த நெடிக்கு நடுவே, அமெரிக்காவில் ஒரு படகுத் தொழிலாளி தன் வீட்டு ஷெட்டில் ஒரு கார் செய்தார். அதன் மட்கார்டுகள் உலகப் புகழ் பெற்றன. அவரை உயரத் தூக்கியதும் அந்த மட்கார்டுதான். கவிழ்த்ததும் அதேதான்!

முதலில் ஒரு விஷயம். காரின் மட்கார்டை இரும்புத் தகட்டில் செய்வது சாமானியர்களுக்கு ஆகிற காரியமல்ல. மேல் அச்சு, கீழ் அச்சு என்று டன் கணக்கில் எடையுள்ள இரும்பு 'டை'கள் வேண்டும். அவற்றை அழுத்த ராட்சத பிரஸ் வேண்டும். லட்சக்கணக்கில் கார் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். டிங்கரிங் பட்டறையில் ஒரு கெட்டிக்காரர் சுத்தியலால் தட்டியே ஒரு மட்கார்டு செய்துவிடலாம். ஆனால், அதே மாதிரி இன்னொன்று? இன்னொரு நூறு? அங்கேதான் மாட்டிக்கொள்வார்.

இந்தப் பூட்டுக்குச் சாவியாக வந்தது, கண்ணாடி!

கண்ணாடியை நூலாக இழுக்கலாம் என்பது பழைய சங்கதி. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் லிபி என்ற கண்ணாடி கம்பெனி, கண்ணாடி இழையும் பட்டும் சேர்த்து நெய்த கவுன் ஒன்றை வைத்து அசத்தியது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. மடித்தால் இழை ஒடியும்! அதைக் கட்டிக்கொண்டு யார் உட்காருவது? ஆகவே, வேடிக்கைப் பொருளாகவே போய்விட்டது.

1932-ல் ஓவன்ஸ்-இல்லினாய் என்ற கம்பெனியில் டேல் க்ளைஸ்ட் என்ற இளைஞர், இரண்டு கண்ணாடிக் கட்டிகளை உருக்கி ஒட்டவைக்கப் பார்த்தார். உருகிய கண்ணாடியின் மேல் காற்று வேகமாகப் பாய, அது பஞ்சுமிட்டாய் மாதிரி மெல்லிய இழைகளாகப் பறந்தது. ஒட்டவைக்கிற வேலை என்னவோ தோல்விதான். ஆனால், மலிவாகக் கண்ணாடி இழை செய்கிற வழி பிறந்துவிட்டது. அங்கே கேம்ஸ் ஸ்லேட்டர் என்ற ஆராய்ச்சியாளர் இந்த முறையை மேலும் செப்பனிட்டார். 1938-ல் ஓவன்ஸ்-கார்னிங் என்ற தனி நிறுவனமே உருவானது.

இழை தயார். அதைக் கெட்டியாகப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டுமே? அதுதான் பாலியெஸ்டர் ரெசின். சில துளி ஹார்ட்னர் கலந்தால் போதும், அடுப்பு இல்லாமல், அழுத்தம் இல்லாமல் தானாகவே சூடேறி இறுகிவிடும். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ராடார் கருவிக்கு மூடி செய்ய இந்த ஜோடி கைகொடுத்தது. போர் முடிந்ததும் படகு கட்டுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து கார்க்காரர்கள். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸே 'கார்வெட்' காரை ஃபைபர் உடம்போடு இறக்கியது. முதல் வருஷம் செய்தது 300 கார்கள்தான். அத்தனையும் வெள்ளை நிறம்!

இனி நம்ம ஆளுக்கு வருவோம்.

ப்ரூஸ் மெயர்ஸ். 1926-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அலைச் சறுக்கு என்றால் உயிர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து 'பங்கர் ஹில்' என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குப் போனார். 1945 மே 11 அன்று ஒகினாவா அருகே இரண்டு ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் அடுத்தடுத்து அந்தக் கப்பலில் வந்து மோதின. கப்பல் பற்றி எரிந்தது. கிட்டத்தட்ட 400 பேர் செத்துப்போனார்கள். மெயர்ஸ் கடலில் குதித்துத் தப்பினார். அப்போது அவருக்கு வயது 19.

திரும்பி வந்து ஓவியக் கல்லூரியில் படித்தார். பிறகு கலிஃபோர்னியாவில் ஜென்சன் மரைன் என்ற படகுக் கம்பெனியில் ஃபைபர் வேலை. கையில் ஓவியம், வேலையில் ஃபைபர்... இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது!

அந்தக் காலத்தில் பிஸ்மோ கடற்கரை மணல்மேடுகளில் இளைஞர்கள் கார் ஓட்டி விளையாடுவார்கள். பெரிய பெரிய எஞ்சின் வைத்த கனமான வண்டிகள் மணலில் புதைந்து உறுமிக்கொண்டிருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் உடம்பைக் கழற்றி வீசிவிட்டு, வெறும் அடித்தளத்தோடு சிலர் ஓட்டுவார்கள். அவை மட்டும் எலி மாதிரி மணல்மேட்டில் ஏறிவிடும்! காரணம் எளிது. பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால். இழுக்கிற சக்கரமும் பின்னால். எடை முழுக்க அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து அமுக்கும். போதாக்குறைக்குக் காற்றில் குளிர்கிற எஞ்சின். ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிற பிரச்னையே கிடையாது.

ஒரே ஒரு குறை. பார்க்கச் சகிக்காது! தவிர, மணலுக்காக அகலமான டயர் போட்டால், அது பழைய மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மணலையும் சேற்றையும் வாரி ஓட்டுகிறவர் முகத்திலேயே அடிக்கும். ஆகவே, அந்தச் சக்கரத்துக்குத் தக்கபடி அகலமாக, உயரமாக ஒரு மட்கார்டு வேண்டும்.

நியூபோர்ட் பீச்சிலிருந்த தன் ஷெட்டில் மெயர்ஸ் வேலையை ஆரம்பித்தார். ஃபைபர் வேலை எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் மரம், பிளாஸ்டர், களிமண் என்று கையில் கிடைத்ததை வைத்து, வேண்டிய வடிவத்தை நிஜ அளவில் செய்யவேண்டும். இது மூல உருவம். உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, மறுபடி உப்புத்தாள் போட்டு, கண்ணாடி மாதிரி வழவழப்பாக்க வேண்டும். ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் பின்னால் பிறக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் அந்தத் தழும்பு வரும்! பிறகு அதன் மேல் மெழுகு பூசி, ஃபைபர் ஒட்டி, இறுகியதும் பிரித்தெடுத்தால் அதுதான் அச்சு. அந்த அச்சின் உள்பக்கம் மறுபடி மெழுகு, நிறம் கலந்த ஜெல்கோட், அப்புறம் இழை விரிப்பு, ரெசின். ரோலரால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டவேண்டும். இறுகியதும் ஓரத்தில் ஆப்பு வைத்துத் தட்டினால், 'டப்'பென்று பிள்ளை வெளியே வரும். அச்சு அப்படியே இருக்கும். அடுத்த பிள்ளைக்கு ரெடி!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபைபரைத் தட்டையாகப் போட்டால் அப்பளம் மாதிரி வளையும். வளைத்துப் போட்டால் விறைப்பாக நிற்கும். ஒரு காகிதத்தை நீட்டிப் பிடியுங்கள், தொங்கும். நடுவில் லேசாக வளைத்துப் பிடியுங்கள், நிமிர்ந்து நிற்கும். அதே கணக்குதான். மெயர்ஸின் மட்கார்டுகள் அலை மாதிரி எழும்பி வளைந்தன. அழகுக்கு அழகு, பலத்துக்குப் பலம். பக்கவாட்டு உயரம் கண்ணில் சேறு அடிக்காமலிருக்க. மட்கார்டின் மேல்பகுதி மட்டும் தட்டையாக இருப்பது பீர் வைத்துக்கொள்ள என்று அவரே வேடிக்கையாகச் சொல்வார். இன்னொரு நிபந்தனையையும் அவர் தனக்கே போட்டுக்கொண்டிருந்தார். வாங்குகிறவன் அதைத் தன் வீட்டிலேயே கட்டிக்கொள்ள முடியவேண்டும்!

1964-ல் முதல் வண்டி தயார். சிவப்பு நிறம். 'ஓல்ட் ரெட்' என்பது பிற்காலத்தில் அதற்கு நிலைத்த பெயர். வால் குட்டையான ஒரு பூனை இனத்தின் பெயரால் வண்டிக்கு 'மெயர்ஸ் மேங்ஸ்' என்று பெயர் வைத்தார். அடித்தளமும் உடம்பும் ஒன்றாக வார்த்த இந்த மாதிரியில் பன்னிரண்டுதான் செய்தார். அடக்கவிலை கட்டுப்படியாகவில்லை. பிறகு ஒரு யோசனை. பீட்டிலின் அடித்தளத்தையே 14¼ அங்குலம், அதாவது சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்து, அதன் மேல் ஃபைபர் உடம்பை மட்டும் உட்காரவைத்தால்? விலை சுமார் 500 டாலருக்கு இறங்கியது. பழைய பீட்டில் ஒன்றும், வார இறுதிகளும், பொறுமையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் மேங்ஸ் கட்டலாம்.

1967-ல் மெயர்ஸும் நண்பர் டெட் மேங்கல்ஸும் ஓல்ட் ரெட்டில் ஏறி, மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் ரோடே இல்லாத கரடுமுரடுப் பாதையில், லா பாஸிலிருந்து டிஹுவானாவரை ஓட்டினார்கள். 34 மணி 45 நிமிடம்! அதுவரை மோட்டார் சைக்கிளில் போனவர்கள் வைத்திருந்த சாதனையை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் முறியடித்தார்கள். அதே வருஷ இறுதியில் நடந்த முதல் 'மெக்ஸிகன் 1000' போட்டியிலும் ஒரு மேங்ஸ்தான் ஜெயித்தது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆர்டர்கள் குவிந்தன.

குவிந்தால்? சும்மா விடுவார்களா?

மேலே சொன்ன செய்முறையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மெயர்ஸுக்கு ராப்பகலாக உழைக்கவேண்டியிருந்தது மூல உருவத்துக்குத்தான். ஆனால், ஒரு மேங்ஸ் உடம்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அதுவே மூல உருவம் ஆகிவிடுமே! மெழுகு பூசு, ஃபைபர் ஒட்டு, பிரித்தெடு. அச்சு தயார். ஊருக்கு ஊர் கம்பெனிகள் முளைத்தன. மெயர்ஸைவிட மலிவு விலையில் விற்றன.

மெயர்ஸ் காப்புரிமை வாங்கியிருந்தார். வழக்குப் போட்டார். இது காப்புரிமைக்குத் தகுதியான கண்டுபிடிப்பு அல்ல என்று நீதிபதி சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! அதற்கப்புறம் யாருக்கு பயம்? மெயர்ஸின் கம்பெனி செய்தது மொத்தமே ஆறாயிரம் வண்டி சொச்சம். உலகெங்கும் செய்யப்பட்ட நகல்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். 1971-ல் கம்பெனி மூடப்பட்டது. தன் பெயரிலிருந்த தொழிலை விட்டு மனிதர் வெளியேறினார். அந்தக் கசப்பு பல வருஷம் அவருக்கு இருந்தது.

யார் பக்கம் நியாயம்? எனக்கு மெயர்ஸ் மேல்தான் பரிதாபம். ஒருவர் கண்விழித்து இழைத்த வளைவை, இன்னொருவர் மெழுகு பூசி உரித்தெடுத்தது திருட்டுதான். சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும். ஆனால், இன்னொன்றும் உண்மை. பிரஸ் இல்லாத, முதல் இல்லாத மெயர்ஸைக் கார் உற்பத்தியாளர் ஆக்கியது எதுவோ, அதுதான் நகல் எடுத்தவர்களையும் ஆக்கியது. கார் கம்பெனிகளிடம் கேட்காமல் அவர் உள்ளே நுழைந்த அதே கதவு வழியாகத்தான் அவர்களும் நுழைந்தார்கள்.

காலம் கொஞ்சம் ஈடு செய்தது. 1990-களில் மேங்ஸ் பிரியர்கள் சங்கம் சேர்த்தார்கள். மெயர்ஸ் மறுபடி வண்டி செய்ய ஆரம்பித்தார். 2014-ல் ஓல்ட் ரெட், அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2020-ல் கம்பெனியை விற்றார். 2021 பிப்ரவரி 19 அன்று, 94 வயதில் காலமானார்.

இன்றைக்கும் உலகின் பல மூலைகளில் கார்ப் பைத்தியங்கள் வீட்டு ஷெட்டில் இந்த வேலையைச் செய்கிறார்கள். காருக்கு அகல டயர் போடுவார்கள். அது வெளியே துருத்தும். மட்கார்டின் விளிம்பில் டேப் ஒட்டி, மேலே ஃபோம் வைத்து, கத்தியால் செதுக்கி, அதன் மேல் ஃபைபர் போட்டு ஓர் அகல விளிம்பு செய்வார்கள். இடப்பக்கம் முடித்துவிட்டு வலப்பக்கம் வரும்போதுதான் தெரியும், இரண்டையும் ஒரே மாதிரி கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று. ஹார்ட்னர் கூடினால் டப்பாவிலேயே புகைந்து கல்லாகும். குறைந்தால் பிசுபிசுவென்று மறுநாளும் ஒட்டும். உப்புத்தாள் போட்ட தூசி உடம்பில் பட்டால் ராத்திரி முழுக்க அரிப்பு. முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது.

இத்தனை பாடும் பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அச்சிலிருந்து 'டப்'பென்று மட்கார்டு வெளியே வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்... 1964-ல் நியூபோர்ட் பீச் ஷெட்டில் மெயர்ஸும் அப்படித்தான் சிரித்திருக்க வேண்டும். நீங்களே செய்துகொள்ளலாம் என்று சொன்னவர் அவர். உலகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது!