வைரப் பேழையும் அரசியலமைப்பின் ஒரு வரியும்



ஒரு நாட்டை ஆளும் பொறுப்பில் இருப்பவர், அப்பதவிக் காலத்தில், வேற்று நாட்டு அரசிடமிருந்து பரிசோ பணமோ பெறலாமா? இவ்வினாவுக்கு அரசியலமைப்பிலேயே விடை எழுதி வைத்த நாடு அமெரிக்கா. அவ்விடை ஒரே ஒரு வாக்கியம்தான். எனினும், அதன் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதி கூறுவது என்ன?

1787 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதற்பிரிவு, ஒன்பதாம் உட்பிரிவில் இவ்விதி இடம்பெற்றுள்ளது. அரசின் ஊதியமோ நம்பிக்கையோ சார்ந்த பதவியை வகிப்பவர் எவரும், காங்கிரசின் இசைவு இல்லாமல், வெளிநாட்டு அரசரிடமிருந்தோ அரசிடமிருந்தோ எவ்வகைப் பரிசும், ஊதியப் பயனும், பதவியும், பட்டமும் பெறலாகாது என்பது அதன் சாரம்.

இங்கே ஊதியப் பயன் என்று நாம் குறிப்பதை ஆங்கில மூலம் 'எமொலுமென்ட்' என்கிறது. மலேசிய ஆசிரியர்களுக்கு 'எமொலுமென்' என்ற வடிவில் பழகிய சொல்தான் இது. இலத்தீன் மொழியில் மாவரைப்பவருக்குக் கொடுக்கும் கூலியைக் குறித்த சொல்லிலிருந்து இது பிறந்தது என்பர். பிற்காலத்தில் இந்த ஒரு சொல்லின் பொருளைக் குறித்தே நீதிமன்றங்களில் பெரும் வாதம் எழுந்தது.

அச்சம் எங்கிருந்து வந்தது?

அக்கால ஐரோப்பாவில், பணி முடிந்து விடைபெறும் தூதருக்கு அந்நாட்டு அரசர் விலையுயர்ந்த பரிசு அளிப்பது வழக்கம். அதனை மறுப்பது அவமதிப்பாகக் கருதப்பட்டது. ஒல்லாந்துக் குடியரசு மட்டும் 1651 ஆம் ஆண்டிலேயே தன் தூதர்கள் பரிசு பெறுவதைத் தடை செய்திருந்தது.

பரிசு எந்த எல்லைவரை போகக்கூடும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடமாக அமைந்தது. 1670 ஆம் ஆண்டு டோவர் இரகசிய உடன்படிக்கையின்வழி, மன்னர் இரண்டாம் சார்லசு பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியிடமிருந்து பணம் பெற்றுக்கொண்டு, ஒல்லாந்துக்கு எதிரான போரில் பிரான்சுக்குத் துணை நிற்க ஒப்புக்கொண்டார். நாட்டின் போரும் அமைதியும் மன்னரின் பணப்பையோடு பிணைக்கப்பட்டன. பிலடெல்பியா மாநாட்டில், அதிபரைப் பதவி நீக்கும் அதிகாரம் தேவை என வாதிட்ட கவர்னர் மாரிசு இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டினார்.

அமெரிக்கர்களுக்குச் சொந்த அனுபவமும் இருந்தது. பாரிசில் தூதராகப் பணியாற்றிய பெஞ்சமின் பிராங்கிளின் 1785 இல் விடைபெற்றபோது, மன்னர் பதினாறாம் லூயி தம் சிற்றோவியம் பொருந்திய பேழை ஒன்றை அவருக்கு வழங்கினார். அவ்வோவியத்தைச் சுற்றி 408 வைரங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அப்போது நடப்பிலிருந்த கூட்டமைப்பு விதிகளும் இத்தகைய பரிசுகளைத் தடுத்திருந்தமையால், பிராங்கிளின் காங்கிரசிடம் தெரிவித்து இசைவு பெற்றார். பின்னர் எழுதிய உயிலில், அவ்வைரங்களை அணிகலன்களாக மாற்ற வேண்டா என்று தம் மகளைக் கேட்டுக்கொண்டார்.

அதே காலத்தில் வெளியுறவுச் செயலாளர் ஜான் ஜே, இசுபானிய மன்னரிடமிருந்து ஒரு குதிரையைப் பெற்றார். மிசிசிப்பி ஆற்றில் அமெரிக்கப் படகுகள் செல்லும் உரிமை பற்றி அவர் இசுபானியத் தூதரோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்த நேரம் அது! அவரும் காங்கிரசின் இசைவைக் கேட்டே குதிரையை ஏற்றார். பிராங்கிளினும் ஜேயும் நாட்டுக்கு அரும்பணி ஆற்றியவர்கள். ஆயினும், நல்லவர் கையில் இருக்கும் பரிசுகூட ஐயத்தை உண்டாக்கும் என்பதை மக்கள் உணர்ந்தனர்.

1787 ஆகஸ்டு 23 ஆம் நாள், தென் கரோலினாவின் சார்லசு பின்க்னி இவ்விதியை மாநாட்டில் முன்மொழிந்தார். அதிகாரிகள் வெளிநாட்டுச் செல்வாக்கிற்கு உட்படாதிருக்க வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். எதிர்ப்பின்றி அது நிறைவேறியது.

சிங்கங்களும் யானைத் தந்தங்களும்

எழுதிய விதி நடைமுறையில் எவ்வாறு நின்றது என்பதே சுவையான பகுதியாகும். 1839 இல் மொராக்கோ மன்னர், தஞ்சியரில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் தாமசு காருக்கு ஓர் ஆண் சிங்கத்தையும் பெண் சிங்கத்தையும் அனுப்பினார். சட்டம் இடம் தராது என்று அவர் எவ்வளவோ எடுத்துரைத்தார். கொண்டு வந்தவர்களோ, ஏற்காவிடில் தெருவிலேயே விட்டுவிடுவோம் என்றனர். வேறு வழியின்றித் தூதரகத்தின் அறையொன்றில் சிங்கங்களை அடைத்து வைத்துவிட்டு, அவர் அரசுக்குக் கடிதம் எழுதினார். இறுதியில் அவை பிலடெல்பியாவில் ஏலம் விடப்பட்டன. 1840 இல் மசுகட் சுல்தான் அதிபர் வான் பியூரனுக்கு அனுப்பிய அரபுக் குதிரைகளும் காங்கிரசின் முடிவுப்படி விற்கப்பட்டன.

நம் அண்டை நாடான சயாமின் மன்னர் மொங்குட், வாள் ஒன்றையும், தம் நிழற்படத்தையும், ஓர் இணை யானைத் தந்தங்களையும் அமெரிக்க அதிபருக்கு அனுப்பினார். அவை வந்து சேர்ந்தபோது பதவியில் இருந்தவர் ஆபிரகாம் லிங்கன். 1862 பிப்ரவரியில் எழுதிய மறுமொழியில், இத்தகைய பரிசுகளை அதிபர் தம் சொந்த உடைமையாக ஏற்க அமெரிக்கச் சட்டம் இடந்தராது என்பதையும், காங்கிரசின் முடிவுப்படி அவை நாட்டின் உடைமையாகப் பாதுகாக்கப்படும் என்பதையும் லிங்கன் பணிவோடு விளக்கினார். நட்பும் கெடவில்லை, விதியும் கெடவில்லை.

1966 இல் வெளிநாட்டுப் பரிசுகள் பற்றித் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1977 ஆம் ஆண்டுத் திருத்தம், 100 டாலர் வரை மதிப்புள்ள நினைவுப் பொருள்களை மட்டும் வைத்துக்கொள்ள இசைந்தது. விலைவாசிக்கேற்ப அவ்வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டு வந்துள்ளது.

கேட்காவிட்டால் என்ன?

மேற்கண்ட நிகழ்ச்சிகள் அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு. பரிசு பெற்றவர் தாமாகவே முன்வந்து தெரிவித்தார். அவ்வாறு தெரிவித்து இசைவு கேட்காவிட்டால் என்ன தண்டனை, யார் வழக்குத் தொடுப்பது என்பவற்றை அரசியலமைப்பு சொல்லவில்லை.

2017 இல் டொனால்டு டிரம்பு அதிபரானபோது இவ்விடைவெளி வெளிப்பட்டது. தம் வணிக நிறுவனத்தின் உடைமையை அவர் விட்டுவிடவில்லை. வாசிங்டனில் இருந்த அவருடைய தங்கும் விடுதியில் வெளிநாட்டு அரசுகள் செலவிட்டன. வெளிநாட்டு அரசுகளிடமிருந்து விடுதிகளுக்குக் கிடைத்த இலாபம் எனக் கூறி, 2018 இல் 151,470 டாலரை அந்நிறுவனம் அரசுக் கருவூலத்திற்குச் செலுத்தியது. சந்தை விலையில் நடைபெறும் வணிகம் ஊதியப் பயன் ஆகாது என்பது அவர் தரப்பு வாதம். பதவியில் இருப்பவருக்குச் சேரும் எந்த ஆதாயமும் அச்சொல்லில் அடங்கும் என்பது எதிர்த்தரப்பு வாதம். மேரிலாந்து மாநிலமும் வாசிங்டன் மாநகரமும் தொடுத்த வழக்கில், 2018 இல் ஒரு கூட்டரசு நீதிபதி இரண்டாம் கருத்தையே ஏற்றார். ஆனால், டிரம்பின் பதவிக் காலம் முடிந்த பின்னர், 2021 சனவரி 25 ஆம் நாள், இனி இவ்வழக்குகளுக்குப் பொருளில்லை என்று உச்ச நீதிமன்றம் அவற்றை முடித்து வைத்தது. சொல்லின் பொருள் தீர்க்கப்படாமலே நின்றது.

2025 மே மாதம், கத்தார் அரசு அளித்த போயிங் 747 விமானம் ஒன்றை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதிபரின் பயன்பாட்டிற்கென ஏற்றுக்கொண்டது. அது அரசுக்குத் தரப்பட்டது, தனிமனிதருக்கு அன்று என்பது அரசின் விளக்கம். காங்கிரசின் இசைவைக் கேட்டிருக்க வேண்டும் என்றனர் எதிர்த்தவர்கள். 1787 ஆம் ஆண்டின் வினா மீண்டும் எழுந்து நின்றது.

நமக்கான பாடம்

இவ்விதி பரிசுகளை அறவே விலக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மறைக்காதே, மக்கள் பேராளர்களிடம் கேள் என்றே அது கூறுகிறது. கேட்டவரை அது காப்பாற்றியது. பிராங்கிளினின் பெயருக்கு இன்றளவும் களங்கம் இல்லை. கேட்காதவரை என்ன செய்வது என்பதில்தான் அது தடுமாறுகிறது.

இது தொலைதூர நாட்டுச் செய்தி மட்டுமன்று. மலேசிய அரசு ஊழியர்களுக்கான 1998 ஆம் ஆண்டுச் சேவைச் சுற்றறிக்கையும், அன்பளிப்பின் மதிப்பு மாத எமொலுமெனில் நான்கில் ஒரு பங்கையோ 500 ரிங்கிட்டையோ, எது குறைவோ அதனைத் தாண்டினால் துறைத்தலைவருக்குத் தெரிவிக்கப் பணித்தது. ஆசிரியர் தினத்தில் பெற்றோர் அன்போடு தரும் பொருளுக்கும் மன்னர் தந்த வைரப் பேழைக்கும் மதிப்பில் மலையளவு வேறுபாடு உண்டு. எனினும், வாங்கியவர் பிறகு நடுநிலையோடு மதிப்பெண் இடுவாரா என்று பக்கத்து இருக்கை மாணவன் மனத்தில் எழும் வினா ஒன்றேதான்.

ஆகவே, வரலாற்றுப் பாடத்தில் இவ்விதியைப் பற்றிப் பேசும்போது, மாணவர்களிடம் ஒரு வினாவை முன்வையுங்கள்: சிங்கங்களை வாங்கிய தூதர், எவரும் கேட்பதற்கு முன்னரே ஏன் அரசுக்குக் கடிதம் எழுதினார்? அவர்கள் கூறும் விடைகளில் நாளைய குடிமக்களை நாம் காணலாம்.