தேகாப்பியாசம் ஒரு படிப்பான கதை

உடலைப் பேணக் கற்றுக்கொடுக்கும் தொழில் நம் நாட்டிற்குப் புதிதன்று. சிலம்பக் கூடத்தின் மண்தரையில் கழி பிடிக்கவும் கால் மாற்றவும் சொல்லிக்கொடுத்த ஆசானும், கர்லாக் கட்டை சுழற்ற வைத்தும் தண்டாலும் பஸ்கியும் எடுக்கவைத்தும் வாலிபர்களைக் கோதாவில் இறங்கத் தயார் செய்த வஸ்தாதும் அத்தொழிலின் முன்னோர்கள் ஆவர். ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிக்கூடங்கள் பெருகியபோது, அவற்றிற்குள் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து விலகி வந்தவர்களே ‘டிரில் மாஸ்டர்’ என்ற பெயருடன் அங்கே அமர்ந்தார்கள்.

அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. படையில் தாங்கள் கற்றதை, வரிசையில் நிற்பதையும் இடம் வலம் திரும்புவதையும் கால் ஒத்து நடப்பதையும், சிரத்தையோடுதான் கற்பித்தார்கள். ஆனால் மெலிந்த பையனுக்கு எந்தப் பயிற்சி ஏற்றது, இளைப்பு உள்ளவனை எவ்வளவு தூரம் ஓடவிடலாம், வளரும் எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்பனவற்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அன்று ஒரு கலாசாலை இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர், 1919-ல் சென்னைக்கு வந்து சேர்ந்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். அவர் பயின்ற ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில்தான், 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனியால் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தை உண்டாக்கினார். அந்தப் பரம்பரையில் வந்த பக் துரை, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சொற்ப மாணவர்களுடன் தோன்றிய அந்த ஸ்தாபனமே பின்னர்ச் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் பரந்த மைதானங்களுடன் நிலைபெற்று, இன்று நந்தனத்தில் நாம் காணும் கல்லூரியாக வளர்ந்தது.

எலும்பும் தசையும் இணைந்து இயங்கும் விதத்தையும், உழைப்புக்கேற்ப மூச்சும் இரத்த ஓட்டமும் மாறும் விதத்தையும் விளக்கும் சரீர சாஸ்திரம், சுகாதாரம், முதலுதவி, ஆட்டங்களின் விதிகள், வகுப்பு நடத்தும் முறை ஆகிய இவையனைத்தையும் கற்றுத் தேர்ந்தவனே பிள்ளைகளின் முன் நிற்கத் தகுதியுடையவன் என்பது பக் துரையின் கொள்கை. தம் நாட்டு ஆட்டங்களோடு நிற்காமல், நம் தண்டால், பஸ்கி, சடுகுடு முதலியவற்றையும் மதித்துப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். அவர் செய்தவற்றில் நான் மிக உயர்வாக எண்ணுவது இதையே. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் நிர்வாகியாகச் சென்றவரும் அவரே. 1943-ல் காலமானார்.

எங்கள் பள்ளிக்கு வாய்த்த ஆசிரியர் அந்தச் சைதாப்பேட்டைப் படிப்பை முடித்து வந்தவர். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எங்களை ஒவ்வொருவராகச் சுவரோடு நிறுத்தி உயரம் குறித்து, மார்பைச் சுற்றி நாடா வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி ஒரு முறையும் விடச் சொல்லி ஒரு முறையும் அளந்து, நீண்ட நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள், முளைகளுக்கிடையே கயிற்றை இழுத்துக் கட்டி, அடியில் துளையிட்ட தகரடப்பாவில் சுண்ணாம்புத்தூளை நிரப்பி, அதைத் தட்டித் தட்டிக் கோடு போட்டுக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வருவார். வளைவில் வெளிப்புறம் ஓடுகிறவனுக்குத் தூரம் அதிகமாகிவிடும் அல்லவா? அவன் எத்தனை அடி முன்னே நின்று புறப்பட வேண்டும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்த பிறகே குச்சி நடுவார். வட்டத்தின் சுற்றளவு எதற்குப் பயன்படும் என்பதை நான் முதன்முதலில் உணர்ந்தது அந்தச் சுண்ணாம்புக் கோட்டருகில்தான்.

பின்னர் 1957-ல் குவாலியரில் லட்சுமிபாய் பெயரால் ஒரு கல்லூரியும், 1961-ல் பாட்டியாலாவில் பயிற்சியாளர்களுக்கான தேசிய நிறுவனமும் தோன்றின. 2005-ல் தமிழ்நாட்டிலேயே உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. ‘டிரில் மாஸ்டர்’ உடற்கல்வி ஆசிரியரானார். உடற்கல்வி இயக்குநர் என்ற பதவியும் வந்தது. ஆனால் பரீட்சை நெருங்கியதும் அவருடைய பாடவேளையைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் பல பள்ளிகளில் இன்னும் ஒழியவில்லை. இதைப் படிப்பவர்களுள் தலைமையாசிரியர் எவரேனும் இருப்பின் அவரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஆண்டாவது, மார்ச் மாதம் வரை, அந்த மணியைப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியருக்குமே விட்டுக்கொடுங்கள்.