பனை தந்த குடித்தனம்

திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காடு, ராமநாதபுரத்தின் வறண்ட கரிசல், யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறை நிலம் ஆகிய மூன்றிலும் ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதியைப் பல நூற்றாண்டுகளாகப் பனையே தந்துவந்தது. கூரை, பாய், பெட்டி, சுளகு, கயிறு, விறகு, இனிப்பு, பஞ்ச காலத்துக்கான உணவு என அந்தப் பட்டியல் நீண்டது. வேறு பயிர் ஏறாத மணலிலும் பனை வேரூன்றும். அதற்குத் தண்ணீர் பாய்ச்சவோ உரமிடவோ வேண்டியதில்லை. வடலி வளர்ந்து பாளை விடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு ஆகலாம். அதன்பின் நூறாண்டையும் தாண்டி நிற்கும். நட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கும் அது வாழ்வு கொடுத்தது.

தமிழர் வாழ்வில் பனையின் இடம் மிகப் பழமையானது. சேரர் சூடிய போந்தை பனையின் பூ. உள்ளே மென்மையும் வெளியே வைரமும் கொண்டதால் தொல்காப்பியம் பனையைப் புல்லினத்தில் சேர்த்தது. வீடு கட்டியவர்களும் இந்த இயல்பை அறிந்தே மரத்தைக் கையாண்டார்கள். முற்றிய பனையைப் பிளந்து, வைரம் பாய்ந்த வெளிப்பகுதியைக் கூரைக்குக் கைமரமாகவும் சட்டமாகவும் அறுத்தார்கள். உட்சோற்றைக் குடைந்தெடுத்த தண்டு தண்ணீர் ஓடும் தூம்பாயிற்று. டச்சுக்காரர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறும் வணிகப் பொருளாக இருந்தது.

எழுத்தும் ஓலையை நம்பியிருந்தது. ஓலையைப் பதப்படுத்தி உலர்த்தி, மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறினார்கள். பத்திரம், கடிதம், கணக்கு, இலக்கியம் எல்லாம் அதிலேயே எழுதப்பட்டன. தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த பிறகும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முந்நூறு ஆண்டுகள் ஓலைச்சுவடிதான் தூக்கினார்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கித்தான்.

வீட்டுப் புழக்கத்தில் ஓலையின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேலை இருந்தது. வெளிறிய இளங்குருத்து கொட்டான், சிறு பெட்டி, விசிறி போன்ற நுணுக்கமான முடைசலுக்குப் போனது. முற்றிய சாரோலை கூரைக்கும் கடவப்பெட்டிக்கும் ஆனது. மட்டையிலிருந்து உரித்த நார் கட்டில் பின்னவும் பெட்டியின் விளிம்பைக் கட்டவும் பயன்பட்டது. கருக்கு மட்டை வேலியாயிற்று. மட்டையின் அடியில் வலைபோல் படரும் பன்னாடையே பதநீர் வடிகட்டும் துணி. பதநீர் குடிக்கவும் கறி வாங்கி வரவும் ஓலைப்பட்டை இருந்தது. யாழ்ப்பாணத்தில் துலாவில் கட்டிக் கிணற்று நீர் இறைத்ததும் ஓலையில் செய்த பட்டையால்தான்.

இந்தப் பொருள்கள் எவையும் குப்பையாகத் தேங்கவில்லை. கூரையிலிருந்து இறக்கிய பழைய ஓலை தோட்டத்து மண்ணுக்கு உரமானது. கிழிந்த பெட்டியும் காய்ந்த மட்டையும் அடுப்புக்குப் போயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் செடிக்குப் போடவும் உதவியது.

பனையின் இனிப்புக்குத் தனி நுட்பம் உண்டு. மாசி தொடங்கி ஆடி வரை பாளையை இறுகக் கட்டி, இடுக்கியால் நசுக்கி, நுனியை நாள்தோறும் சீவிக் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகும். பதநீரை அகன்ற தாச்சியில் காய்ச்சிப் பாகு பதத்தில் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதற்கான விறகும் பனையின் காய்ந்த ஓலையும் மட்டையும்தான். மழைக்காலத்தில் இளகாதிருக்க, கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினார்கள். கோடையில் இளங்காய் நுங்கானது. பழத்தின் சாற்றை வெயிலில் காயவைத்தால் பனாட்டு. கொட்டையை மண்ணில் புதைத்துச் சில மாதம் கழித்துத் தோண்டினால் பனங்கிழங்கு. அதை உலர்த்திய ஒடியல், விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் கூழாகி உயிர் காத்தது.

இத்தனைக்கும் விலை கொடுத்தது பனையேறியின் உடல். ஒருவர் முப்பது நாற்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்கினார். கைப்பிடி நழுவினால் சாவு, அல்லது வாழ்நாள் முழுதும் முடக்கம். மரம் பெரும்பாலும் நிலவுடைமையாளருடையது. பதநீரில் ஒரு பங்கு அவருக்குப் போனது. திருவிதாங்கூரில் ஏறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும்கூட வரி விதித்தார்கள். இழிவும் சேர்ந்தே வந்தது. மண்ணைக் கெடுக்காத அந்த வாழ்முறை மனிதரை வருத்தித்தான் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் பனந்தும்பு என்னும் நார் தூரிகை செய்ய ஐரோப்பாவுக்குப் போனது. அதே காலத்தில் ஆலைச் சர்க்கரையும் ஓடும் தகரமும் பனையின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா பனைவெல்லத்துக்காக வாதாடினார். பயிரிட உதவாத நிலத்தில் பனை சர்க்கரை தருமானால், கரும்பு பிடித்திருக்கும் நல்ல நிலத்தைத் தானியத்துக்கு விடலாம் என்பது அவரது வாதம். நாடு கரும்பையே தேர்ந்தெடுத்தது. பிறகு பிளாஸ்டிக் வாளியும் பையும் நைலான் கயிறும் பெட்டி, பட்டை, நார் மூன்றையும் ஒருசேரத் தள்ளின. 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. பனையேறிகளின் வருவாயில் ஒரு வழி அடைபட்டது. பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். ஆளில்லாத மரங்கள் செங்கல் சூளைக்கு விறகாயின. ஈழத்தில் போர் பெரும் பனந்தோப்புகளை அழித்தது.

மீட்பு முயற்சிகளும் நடந்தன. இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. செட்டிநாட்டுக் கொட்டானும் உடன்குடிக் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்றன. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. ஓலைப் பெட்டிக்கும் பட்டைக்கும் மீண்டும் கொஞ்சம் இடம் கிடைத்தது. 2021இல் வெளியான தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை வழங்குவதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது.

விதை ஊன்றுவது வேலையின் முதல் பகுதி மட்டுமே. இன்று ஊன்றும் கொட்டை பாளை விடும் நாளில் ஏறத் தெரிந்தவர் இருக்க வேண்டும். பாதுகாப்பான கருவியும் விபத்துக் காப்பீடும் உழைப்புக்கு ஏற்ற விலையும் கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை அந்தத் தொழிலுக்கு வரும். கலப்படமில்லாத கருப்பட்டிக்கும் கையால் முடைந்த பெட்டிக்கும் உரிய காசைப் பேரம் பேசாமல் கொடுப்பதே பனையைக் காக்க ஒரு வீடு செய்யக்கூடிய நேரடியான உதவி.