உம்மாவுக்கு எப்போது சட்டம் வந்தது?

எத்தாளையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு. உறுதி மகனின் பேருக்கு மாறி ஒரு வருஷம்கூட ஆகல்ல, உம்மாவின் கட்டில் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போயிட்டு. அடியும் விழுந்திருக்கு. பொலிசில் சொல்லலாமே என்றோம். "பெத்த புள்ளைய எழுதிக் குடுக்கச் சொல்றியளா?" என்று கேட்டா. எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதனால் சட்டங்களின் வரலாற்றைத் தேடினோம்.

1841இல் பிரித்தானியர் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், கதியற்றுத் தெருவுக்கு வந்து கையேந்துபவரைக் குற்றவாளியாகப் பார்த்தது. 1889இன் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் மனைவியையும் பிள்ளைகளையும் காத்தது. பெற்றோர் அதில் இல்லை. அவர்களைப் பார்ப்பது குடும்பத்தின் மானம், அரசாங்கத்தின் வேலையல்ல என்று நினைத்தார்கள் போல. 1999ஐ ஐ.நா. சர்வதேச முதியோர் ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு இலங்கையில் வந்த புதிய தாபரிப்புச் சட்டத்திலும் உம்மா வாப்பாவுக்கு இடமில்லை!

அடுத்த ஆண்டுதான் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 60 வயதானவர் முதியவர். பிள்ளைகள் பெற்றோரைத் தெரிந்தே கைவிடக்கூடாது. கைவிட்டால் பராமரிப்புச் சபையில் பணம் கேட்கலாம். 1889இலிருந்து 111 வருஷம்.

ஆனால் பணம் வேறு, அடி வேறு. அடிக்கு 2005இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு. கணவன் மனைவிக்கான சட்டம் அது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். தாய், தகப்பன், பாட்டன், பாட்டி எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். முக்கியமானது, பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியே விண்ணப்பிக்கலாம். அந்த உம்மா தன் கையால் எழுதிக் கொடுத்தே ஆகணும் என்றில்லை.

உறுதியின் கதைதான் சிக்கல். இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்தை, பிள்ளை பார்க்காவிட்டால் ஒரு தீர்ப்பாயமே திருப்ப முடியும். இங்கே 2017இல் ஒரு சட்டம் வந்தது. மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியை, பிள்ளையின் கடும் நன்றிகேட்டுக்காக ரத்துச் செய்ய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடணும். தாழ்வாரத்தில் கிடக்கும் மனுசி சட்டத்தரணிக்குக் காசு எங்கே தேடுவா?

எங்களில் ஒருத்தியின் வீட்டில் அடுத்த மாதம் உறுதி எழுத இருக்கு. உம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்க முன்னம் ஒவ்வொரு வரியையும் நாங்கள் வாசித்துக் காட்டப் போறோம்.