மருந்துக் கொம்பில் எழுதிய பெயர்

இலக்கியத்தின் வேர்களைத் தேடும்போது ஏட்டுச் சுவடியையும் கல்லையும் செப்பேட்டையும் நாடுவது எமது வழக்கம். மாட்டுக் கொம்பை எவரும் நாடுவதில்லை. ஆயினும், 18ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் சாதாரணக் குடியானவன் ஒருவன் தன் பெயரையும் ஊரையும் ஆண்டையும், சிலவேளை இரண்டடிப் பாட்டொன்றையும் பொறித்து வைத்தது மாட்டுக் கொம்பிலேதான். அக்கொம்பின் கதையை இன்று கூற விழைகின்றேன்.

அக்காலத் துவக்குக்கு வாய்வழியாகவே மருந்திட வேண்டும். முதலில் அளவான மருந்து. பின்னர் ஈயக் குண்டு. அதன்பின் கோலால் இடித்து இறுக்குதல். குழலின் அருகேயுள்ள சிறு கிண்ணியிலும் சிறிது மருந்து தூவப்படும். விசையை இழுத்ததும் தீக்கல் உருக்கில் மோதிப் பொறி பறக்கும், கிண்ணி மருந்து பற்றும், குழல் முழங்கும். அந்தக் கரிமருந்து ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. அதற்குப் பகைவர் இருவர்: ஒன்று ஈரம், மற்றது தீப்பொறி.

இவ்விரு பகைக்கும் மாற்றாக அமைந்ததே மாட்டுக் கொம்பு. அது நீரை உள்ளே விடாது, இரும்பைப்போல் மோதிப் பொறி எழுப்பாது, பாரமும் குறைவு. உள்ளிருக்கும் எலும்புத் தண்டைக் கழற்றிவிட்டால் தானாகவே ஒரு குடுவை. அகன்ற வாயைக் கொதிநீரில் இளக்கி மரக்கட்டையால் அடைப்பர். திண்மையான நுனியைத் துளையிட்டுச் சிறு மரத்தக்கை செருகுவர். வேலை முடிந்தது.

ஆனால் எந்தக் கொம்பும் இதற்கு உதவும் என்று எண்ணிவிடலாகாது. தெரிந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே மாட்டின் இரு கொம்புகளும் எதிரெதிராகவே வளையும். ஆகவே ஒன்று வல இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். மற்றது இட இடுப்புக்கே பொருந்தும். மாறி எடுத்தவனுக்கு ஓடும்போதும் பற்றைகளுக்குள் நுழையும்போதும் அது இடறிக்கொண்டே இருக்கும். வெடிப்பிருந்தால் ஈரம் புகும். வெளிர்நிறக் கொம்பானால் இன்னொரு நன்மை: கத்தியால் மெல்லியதாகச் சுரண்டிவிட்டால் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கையில் உள்ளே எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கிறதென்று நிழலாகத் தெரியும். போர்க்களத்தில் அந்த நிழலின் உயரம் ஒருவனின் ஆயுளின் அளவாகவும் இருக்கக்கூடும்.

கொம்பிலிருந்து நேரே குழலில் மருந்து சொரிவது ஆபத்து. முந்திய வெடியின் கங்கு உள்ளே கனன்றிருந்தால் கொம்பு முழுவதுமே கையில் வெடிக்கும். எனவே, விவரமறிந்தவன் முதலில் ஒரு சிறு அளவைக்குள் ஊற்றி, அதிலிருந்தே குழலில் இடுவான். இன்றும் இத்தகைய துவக்குகளை விளையாட்டாகச் சுடுவோர் இவ்விதியைத் தவறாது கைக்கொள்ள வேண்டியவர்களே.

இக்கொம்பு ஒரு நாட்டின் சட்டத்திலும் இடம்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் 1792ஆம் ஆண்டுக் குடிப்படைச் சட்டம், ரைபிள் வைத்திருக்கும் குடிமகன் மருந்துக் கொம்பும் 20 குண்டுகளும் கால் இறாத்தல் மருந்தும் கொண்டுவர வேண்டுமென விதித்தது.

இனி எழுத்துக்கு வருவோம். 1754 முதல் 1763 வரை பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் அக்கண்டத்துக்காகப் பொருதனர். கோட்டைகளிலே மாதக்கணக்கிற் காத்திருந்த குடிப்படையினர் கத்திமுனையாற் கொம்புகளிற் கீறத் தொடங்கினர். கீறலில் மையையோ கரியையோ தேய்த்தால் எழுத்துத் துலங்கும். சில கொம்புகளில் ஹட்சன் ஆறும் மோஹோக் ஆறும் வழிநெடுகிலுமுள்ள கோட்டைகளும் வரைபடமாகவே ஓடுகின்றன.

எங்கள் மரபிலே நடுகல்லில் வீரனின் பெயரை, அவன் மடிந்தபின் பிறர் பொறித்தனர். இங்கோ போருக்குப் போகிறவன் உயிரோடிருக்கும்போதே தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். மாணவருக்கு நடுகல் பற்றிப் பாடம் சொல்லும்போதெல்லாம் இந்த வேறுபாடு என் நெஞ்சை உறுத்துவதுண்டு. தான் திரும்பாவிட்டாலும் பெயர் திரும்பட்டும் என்ற ஏக்கம் அந்தக் கீறல்களில் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

இக்கலையிற் பேரெடுத்தவர்களுள் ஒருவன் ஜோன் புஷ். மசசூசெட்ஸின் ஷ்ரூஸ்பரி ஊரைச் சேர்ந்த, அடிமையல்லாத கறுப்பினப் படைவீரன். அடிமைமுறை சட்டபூர்வமாயிருந்த நாட்டில், எழுத்தின் அழகுக்காக நாடப்பட்டவன் அவன். ஜோர்ஜ் ஏரிக்கரையில், 1755ஆம் ஆண்டளவில், உடனிருந்தோரின் கொம்புகளில் அவர்களுடைய பெயர்களைக் கொடிச்சுருள் அலங்காரத்தோடு செதுக்கிக் கொடுத்தான். 1757 ஓகஸ்டில் அவ்வேரியின் தென்முனையிலிருந்த வில்லியம் ஹென்றிக் கோட்டை மொன்ட்காமின் படையிடம் வீழ்ந்தது. புஷ் சிறைப்பட்டான், சிறைக்கைதியாகவே மாண்டான்.

அந்தக் கோட்டையின் வீழ்ச்சியை இலக்கிய வாசகர் அறிவர். பெனிமோர் கூப்பர் 1826இல் வெளியிட்ட ‘த லாஸ்ட் ஒஃப் த மொஹிக்கன்ஸ்’ நாவலின் களம் அதுவே. தளபதியும் அவர்தம் புதல்வியரும் அங்கே உலகப் புகழ் பெற்றனர். ஜோன் புஷ் அந்நாவலில் இல்லை. அவனுடைய கொம்புகளே அவனுக்கு நாவல்.

தாளிற் சுற்றிய தோட்டாவும், உலோகக் குடுவையும், ஈற்றில் உலோகத் தோட்டாவும் வந்து 19ஆம் நூற்றாண்டிற் கொம்பின் தேவையை ஒழித்தன. பரண்களிற் கிடந்தவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்நிலையில் நியூயோர்க் மாநிலத்தின் கனஜொஹாரி என்னும் சிற்றூரின் சித்திர ஆசிரியர் ஒருவர் கொம்பு கொம்பாகத் தேடிச்சென்று, வளைந்த பரப்பிலிருந்த எழுத்தையும் படத்தையும் தாளில் விரித்து வரைந்தார். ரூபஸ் கிரைடர் என்பது அவர் பெயர். 1900இல் அவர் மறையும்போது நூற்றுக்கணக்கான கொம்புகளின் சித்திரங்கள் எஞ்சியிருந்தன. நியூயோர்க் வரலாற்றுக் கழகம் அவற்றைப் பேணி வருகின்றது.

ஓர் ஆசிரியனாக இதில் நான் கற்ற பாடம் ஒன்றுண்டு. எழுதியவன் ஒருவன், எடுத்துக் காத்தவன் இன்னொருவன். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருள் ஒருவர் இல்லாதிருந்தாலும் அந்தப் பெயர்கள் பல நம்மை வந்தடைந்திரா. எங்கள் வீட்டுப் பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் யார் யாருடைய பெயர் காத்துக் கிடக்கின்றதோ, இன்றே ஒருதரம் திறந்து பாருங்கள்.